கீழ்வீட்டில் ஏறும் தண்ணீர் யாருடையது?

ரொறன்ரோவில் பெருமழை பெய்த மறுநாள் தமிழ்க் கடைக்குப் போனால், மீன் வெட்டுகிற இடத்திலிருந்து காசு கட்டுகிற இடம்வரை ஒரே விசாரணைதான்: “உங்களுக்குத் தண்ணி வந்ததோ?” பேஸ்மன்றுக்குள் வந்த தண்ணியைத்தான் கேட்கிறார்கள். வந்தது என்று சொல்பவரின் முதல் ஏச்சு மாநகரசபைக்கு. இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பனிக்கு. ஆள் கொஞ்சம் பேப்பர் வாசிக்கிறவராக இருந்தால் பருவநிலை மாற்றத்துக்கும் ஒன்று விழும். மூன்றுக்கும் அந்த ஏச்சு தகும். ஆனால் ஏச்சு வாங்குகிறவர்களின் வரிசையில் வீட்டுச் சொந்தக்காரர்களாகிய நாங்கள் ஒருநாளும் நிற்பதில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கீழே ஒரு குடும்பத்தையோ நாலு பெடியன்களையோ வாடகைக்கு வைத்துக்கொண்டு மேலே குடியிருக்கும் நாங்கள், இந்த விசயத்தில் எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

முதலில் அந்தத் தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொந்த வீட்டில் நீண்ட காலம் இருந்தவர்களில் பலருக்கே அது தெரியாது. வீட்டின் கக்கூசு, குளியலறை, குசினி, வோஷிங் மெஷின் எல்லாவற்றின் கழிவும் பேஸ்மன்றுத் தரைக்கு அடியில் ஒரு குழாயில் சேர்ந்து, முன்வளவுக்குக் கீழால் போய், தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயில் விழுகிறது. பழைய ரொறன்ரோவின் மையப் பகுதிகளில் மழைநீரும் கழிவும் ஒரே குழாயில் ஓடும் இடங்கள் இன்னும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழும்பிய ஸ்காபரோ போன்ற பகுதிகளில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள், மழைக்கு ஒன்று, கழிவுக்கு ஒன்று.

அப்படியானால் மழை பெய்யும்போது கழிவுக் குழாய் ஏன் நிரம்புகிறது? அந்த மழைநீரில் கணிசமான பங்கு வீடுகளிலிருந்துதான் போகிறது. அந்தக் காலத்து வீடுகளின் அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்திருக்கும் ‘வீப்பிங் டைல்’ என்கிற வடிகுழாய், பல வீடுகளில் கழிவுக் குழாயோடு இணைந்திருக்கிறது. கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாயையும் பல இடங்களில் அதற்குள்ளேயே இறக்கி வைத்திருக்கிறார்கள். முன்வளவு மரத்தின் வேர் களிமண் குழாயின் பொருத்தைப் பிளந்திருந்தால் நிலத்தடி நீரும் உள்ளே போகும். சாதாரண நாளில் அமைதியாக ஓடும் தெருக்குழாய், எல்லா வீடுகளின் மழையும் ஒரே நேரத்தில் வந்து விழும்போது விளிம்பு முட்டி நிற்கும். அதன் நீர்மட்டம் பேஸ்மன்றுத் தரையைவிட உயர்ந்ததும் போன கழிவு வந்த வழியே திரும்புகிறது. வீட்டின் ஆகத் தாழ்ந்த வாய் எதுவோ அதனால் வெளியேறும். ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும் துவாரமாக இருக்கலாம், கீழ்வீட்டு ஷவராக இருக்கலாம், கீழ்வீட்டுக் கக்கூசாகவும் இருக்கலாம்.

இது எப்போதோ ஒருமுறை வருகிற அதிசயமும் இல்லை. 2005 ஓகஸ்ட் 19 மாலை நகரின் வடபகுதியில் கொட்டிய மழையில் பின்ச் அவெனியூ மேற்கு, பிளாக் கிறீக் ஓடையைக் கடக்கும் இடத்தில், தெருவே அறுந்து போனது. ஆயிரக்கணக்கான பேஸ்மன்றுகளுக்குள் தண்ணீர் போனது. 2013 யூலை 8 இல் பியர்சன் விமானநிலையத்தில் 126 மில்லிமீற்றர் பதிவானது. டொன் பள்ளத்தாக்கில் சுமார் 1,400 பயணிகளோடு ஒரு கோ ரயில் தண்ணீருக்குள் நின்ற படத்தை ஊரில் இருந்தவர்களும் பார்த்துவிட்டுத் தொலைபேசி எடுத்தார்கள். 2018 ஓகஸ்ட் 7 இல் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போன இரண்டு பேர் லிப்டுக்குள் கழுத்தளவு தண்ணீரில் மாட்டிக்கொண்டு, பொலிஸ் வந்து இழுத்தெடுக்கும்படி ஆனது. 2024 யூலை 16 இல் பியர்சனில் 97.8 மில்லிமீற்றர். காப்புறுதிக் கம்பனிகள் கொடுக்க வேண்டி வந்த இழப்பு, தென் ஒன்ராறியோ முழுவதற்கும், 94 கோடி டொலருக்கு மேல். அந்த ஈரம் காய ஒரு மாதமானது. ஓகஸ்ட் 17 இல் அதே பியர்சனில் 128.3 மில்லிமீற்றர் விழுந்தது.

யூலை வெள்ளத்தில் பாடகர் டிரேக்கின் மாளிகைக்குள்ளும் மண்ணிறத் தண்ணீர் ஓடியது. அவரே படம் எடுத்துப் போட்டார். எங்கள் பெடியளும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அவருக்கு ஏறிப்போக மேல்மாடி இருந்தது.

எங்கள் வீடுகளில் கீழே இருப்பவர்களுக்கு ஏறிப்போக இடம் இல்லை. மேலே இருப்பது நாங்கள்.

யார் இவர்கள்? எண்பதுகளின் நடுவில் செயின்ற் ஜேம்ஸ் ரவுணின் மாடிக் கட்டடங்களில் ஒரு அறைக்குள் ஆறு, ஏழு பேராகத் தொடங்கிய எங்கள் சனம், கொஞ்சம் கையில் சேர்ந்ததும் ஸ்காபரோவுக்கு நகர்ந்தது. நகர்ந்தவர்களில் பெரும்பாலானோர் முதலில் இறங்கியது யாரோ ஒருவருடைய பேஸ்மன்றுக்குத்தான். கைக்குழந்தையோடு இருந்தவர்கள், இரவு வேலை முடித்து வந்து பகலில் படுத்தவர்கள், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் ஹீற்றரின் சத்தத்தோடு படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் என்று அந்தக் கதைகளைக் கலியாணவீட்டு மேசைகளில் இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அன்று கீழே இருந்தவர்களில் கனபேர் இன்று மேலே இருக்கிறார்கள். இன்று கீழே இருப்பவர்கள் பின்னால் வந்தவர்கள்: அகதி விண்ணப்பம் முடியாதவர்கள், மாணவர் விசாவில் வந்த பிள்ளைகள், பிள்ளைகளோடு தனித்துப்போன பெண்கள், இரண்டு வேலை செய்தும் மாடிக் கட்டட வாடகை கட்டுப்படியாகாதவர்கள். எங்கள் மோட்கேஜில் ஒரு பங்கை மாதாமாதம் அவர்கள்தான் கட்டுகிறார்கள். வீடு வாங்கும்போது வங்கிக்கும் புரோக்கருக்கும் அந்த வாடகையைக் கணக்குக் காட்டியவர்கள் நாங்கள். அதே கணக்கில் அவர்களின் பாதுகாப்புக்கு ஒரு வரி ஒதுக்கினோமா?

ஒதுக்கவில்லை. கீழ்வீட்டைத் திருத்தினோம், மறுக்கவில்லை. பொற் லைற் போட்டோம். தரைக்கு லமினேற் அடித்தோம். குளியலறைக்கு ஓடு பதித்தோம், தனிக் குசினி வைத்தோம், பக்கக் கதவு வெட்டினோம். அந்தத் திருத்த வேலைகளுக்குப் போன காசில் சின்னப் பங்குதான் ஒரு பேக்வோட்டர் வால்வின் விலை. வீட்டிலிருந்து வெளியேறும் பிரதான குழாயில், பேஸ்மன்றுத் தரைக்கு அடியில், இந்த வால்வைப் பொருத்துவார்கள். உள்ளே ஒரு மடல் இருக்கும். வீட்டுக் கழிவு வெளியே போக வழிவிடும், தெருக் கழிவு உள்ளே திரும்பினால் எழும்பி வாயை மூடும். கீழ்வீட்டுக் கக்கூசால் தெருவின் மலம் பொங்காமல் தடுப்பது இந்தக் கையகல மடல்தான்.

அதற்கு நகரமே காசு தருகிறது. ரொறன்ரோ மாநகரத்தின் பேஸ்மன்று வெள்ளப் பாதுகாப்பு உதவித் திட்டம் பல ஆண்டுகளாக ஒரு வீட்டுக்கு 3,400 டொலர்வரை தந்து வந்தது. வால்வுக்கு ஆகும் செலவில் 80 வீதம், அதிகபட்சம் 1,250 டொலர். அத்திவாரத்தில் சேரும் நீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்புக்கு 1,750. வீப்பிங் டைலைக் கழிவுக் குழாயிலிருந்து வெட்டி மூட 400. எங்கள் ஆட்கள் ஒரு கூப்பனுக்காக மூன்று கடை ஏறி இறங்குவார்கள். இந்தக் காசை மட்டும் ஏன் கேட்கப் போகவில்லை?

இதற்கான பதில் எல்லாருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை. வால்வு போட பெர்மிற் வேண்டும். உதவிப் பணம் கிடைக்க லைசென்ஸ் உள்ள பிளம்பர் வேண்டும், கூரைக் குழாய் கழட்டியிருக்க வேண்டும், வேலையை வந்து பார்க்க இன்ஸ்பெக்ரர் வேண்டும். இன்ஸ்பெக்ரர் வந்தால் கீழே இறங்குவார். இறங்கினால் பெர்மிற் இல்லாமல் வைத்த குசினியைக் காண்பார், ஜன்னல் சிறுத்த அறைகளைக் காண்பார், ஒரு குடும்பம் இருக்க வேண்டிய இடத்தில் அஞ்சு கட்டிலைக் காண்பார். கீழ்வீட்டை வாடகைக்கு விடுவதை மாநகரம் 2000ஆம் ஆண்டிலிருந்தே அனுமதித்து வருகிறது. அறை அறையாக விடுவது ஸ்காபரோவில் 2024 மார்ச் 31 வரை சட்டத்துக்கு வெளியில் இருந்தது, இப்போது உரிமம் எடுத்துச் செய்யலாம். முறைப்படி செய்ய வழி இருக்கிறது. ஆனால் முறைப்படி செய்தால் நெருப்புத் தடுப்புக் கதவு, புகை அறிவிப்பான், வெளியேறும் ஜன்னல் என்று செலவு வரும், வாடகை வருமானத்தை வரிக் கணக்கில் காட்டவும் வேண்டும். ஒளித்து வைத்த குசினி ஒன்றைக் காப்பாற்றுவதற்காக வால்வே வேண்டாம் என்று விட்டோம்.

அதே ஒளிப்புத்தான் இன்சூரன்ஸிலும். சாதாரண வீட்டுக் காப்புறுதியில் கழிவுநீர் திரும்பி வருவது அடங்காது. அதற்குத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். மழைவெள்ளம் கதவால் ஜன்னலால் வருவதற்கு இன்னொரு சேர்க்கை, அது கனடாவில் 2015 இல்தான் விற்பனைக்கே வந்தது. இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் “எனக்கு ஃபுல் கவரேஜ்” என்று சொல்லித் திரிந்தவர்கள் எங்களில் எத்தனை பேர். மாதம் சில டொலரை மிச்சம்பிடிக்கச் சேர்க்கையை வெட்டினோம். கீழே ஆள் இருக்கிறார் என்பதைக் கம்பனிக்குச் சொல்லாமல் விட்டோம். தண்ணீர் வந்த பிறகு சொன்னால் கோரிக்கையை மறுக்க அந்த ஒரு காரணமே போதும். கம்பனி ஏமாற்றிவிட்டது என்று வானொலியில் அழைத்துக் கத்துகிறவர்களில் சிலருடைய கதையை முழுதாகக் கேட்டால் ஏமாற்றியது யார் என்பதே குழப்பமாகிவிடும்.

இனிக் குசினி. எங்கள் சமையலைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. ஆனால் தாச்சியில் மீன் பொரித்து மிஞ்சிய எண்ணெயும், ஆட்டிறைச்சிக் கறியின் மேல் உறைந்த கொழுப்பும், ரொட்டி சுட்ட மாவும் எங்கே போகின்றன? சிங்கின் வாயால் போகின்றன. சுடுதண்ணியை ஊற்றி சவர்க்காரமும் விட்டால் கரைந்து போய்விடும் என்று நம்புகிறோம். கரைவது எங்கள் கண்ணுக்கு முன்னால் மட்டும். குளிர்ந்த நிலத்துக்கு அடியில் போன கொழுப்பு குளிர்ந்து குழாய்ச் சுவரில் பிடிக்கும், அடுத்த கிழமை போனது அதன் மேல் பிடிக்கும். அதோடு ‘ஃப்ளஷ் பண்ணலாம்’ என்று பெட்டியில் எழுதி விற்கும் ஈரத்துடைப்பான்கள் சேர்ந்தால் கயிறு போலத் திரண்டு நிற்கும். வால்வு போட்ட சில வீடுகளிலும் தண்ணீர் வருவது இதனால்தான். மடலுக்கு அடியில் கொழுப்பும் துணியும் மாட்டிக்கொண்டால் மடல் முழுதாக மூடாது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறையாவது மூடியைத் திறந்து கழுவ வேண்டும். கோயிலில் அன்னதானம் முடிந்ததும், மண்டபத்தில் சாமத்தியவீடு முடிந்ததும், பெரிய தாச்சி எண்ணெயை எங்கே ஊற்றுகிறார்கள் என்று ஒருமுறை பின்பக்கம் போய்ப் பாருங்கள். உணவகம் என்றால் கொழுப்புப் பிடிபொறி வைத்தே ஆகவேண்டும். வீட்டுக் குசினிக்குச் சட்டம் வந்து நிற்காது என்பதால் எங்களுக்குத் துணிச்சல்.

முன்வளவு இன்னொரு கதை. நாலு கார் விட வேண்டும், அதில் இரண்டு கீழே இருப்பவர்களுடையது. புல்லையும் மரத்தையும் எடுத்துவிட்டுச் சீமெந்தோ இன்ரர்லொக்கோ போட்டோம். மழைநீர் இறங்க மண் இல்லை. கூரைக் குழாயைக் கழிவுக் குழாயிலிருந்து கழட்டி வளவில் விட வேண்டும் என்று மாநகரம் 2007 இல் சட்டம் செய்து, பகுதி பகுதியாக நடைமுறைக்குக் கொண்டுவந்து, 2016 டிசம்பருக்குள் நகரம் முழுவதற்கும் ஆக்கியது. எங்களில் பலர் கழட்டவில்லை. கழட்டிய சிலர் அந்தத் தண்ணீரை அத்திவாரத்துக்குப் பக்கத்திலேயே விட்டார்கள், அது சுவரோரமாக இறங்கி வீப்பிங் டைலால் அதே கழிவுக் குழாய்க்குள் போனது.

2024 வசந்தத்தில் மழைநீருக்குத் தனிக் கட்டணம் கொண்டுவரலாமா என்று மாநகரம் யோசித்தது. சீமெந்து கூடிய வளவுக்குக் கூடிய கட்டணம், புல் உள்ளவருக்குக் குறைவு. பக்கத்து மிசிசாகாவில் 2016 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. ‘மழை வரி’ என்று பெயர் வைத்து ஊரே சிரித்தது. எங்கள் வட்டங்களிலும் அதை வைத்து வந்த பகிடிகளுக்கு அளவில்லை, இனி மூச்சுக்கும் வரி என்றார்கள். சபை பின்வாங்கியது. மூன்று மாதம் கழித்துத்தான் யூலை 16. சிரித்தவர்கள் யாரும் அந்தப் பகிடியைத் திரும்ப அனுப்பியதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னவை சோம்பலும் கஞ்சத்தனமும். இனிச் சொல்லப்போவதை அப்படிச் சொல்லித் தப்ப முடியாது.

வால்வு மூடியிருக்கும்போது தெருக் கழிவு உள்ளே வராது. அதே நேரம் வீட்டுக் கழிவு வெளியேயும் போகாது. மழை ஊற்றிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் மேல்வீட்டில் யாராவது குளித்தால், கக்கூசில் தண்ணீர் இழுத்தால், வோஷிங் மெஷினை ஓடவிட்டால், அந்தத் தண்ணீருக்குப் போக இடம் கீழ்வீட்டுத் துவாரம்தான். நகரத்தின் கழிவு ஒரு சொட்டும் வராமலே மேல்வீட்டின் கழிவு கீழ்வீட்டுக்காரரின் படுக்கைக்கு அடியில் வரும். வால்வு இல்லாத வீட்டிலும் தெருக்குழாய் நிரம்பியிருக்கும் நேரத்தில் இதே நிலைதான். பெருமழை நேரம் மேலே தண்ணீர் பாவிக்கக்கூடாது. இந்த ஒரு விதியை வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்கப் பெர்மிற் வேண்டாம், ஒரு சதமும் செலவில்லை. எத்தனை வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறோம்?

சாமத்தில் நடக்கும் தொலைபேசி உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணை, கீழ கக்கூசுக்குள்ளால தண்ணி வருது. கறுப்பா வருது, மணக்குது.”

“தம்பி, ஒரு பழந்துணியை அடைச்சு விடும். விடிய வந்து பாக்கிறன்.”

துணி அடைத்தால் நிற்காது. ஒரு வாயை அடைத்தால் அடுத்த வாயால் வரும். அந்தப் பெடியன் வெறுங்காலோடு நின்று துணி அடைத்துக்கொண்டிருக்கும்போது தண்ணீர் சுவர்ப் பிளக்கைத் தொட்டால் உயிரே போகலாம். தண்ணீர் மின் இணைப்புகளை எட்டுமானால் உள்ளே இறங்கவே கூடாது, ரொறன்ரோ ஹைட்ரோவை அழைத்து வெளியிலிருந்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். இதை அவருக்கு யார் சொன்னார்கள்? வீட்டைக் காட்டிய அன்று வை-பை பாஸ்வேர்டும் குப்பை போடும் நாளும் சொன்னோம், சமையல் மணம் மேலே வராமல் காற்றாடி போடச் சொன்னோம். 2021 செப்ரெம்பர் 1 இரவு ஐடா புயலின் மழையில் நியூயோர்க் நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மன்று வீடுகளில் இருந்தவர்கள். பெரும்பாலோர் குடியேறி வந்தவர்கள், அநேகமான வீடுகள் அனுமதி இல்லாதவை. அடுத்த ஆண்டு சியோல் நகரில் ஒரு அரைநிலவறை வீட்டில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் வெள்ளத்தில் அடைபட்டு இறந்தார்கள். ரொறன்ரோவில் இதுவரை அப்படி நடக்காததற்கு எங்களுடைய கவனம் ஒரு காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் நடந்துகொள்வது பற்றியும் சொல்ல வேண்டும். கழிவுநீர் நனைத்த கம்பளம், மெத்தை, சோபா எல்லாம் குப்பைக்குத்தான் போகவேண்டும், காயவைத்துப் பாவிக்க முடியாது. நனைந்த சுவர்ப்பலகையைத் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே ஓரடியாவது வெட்டி எடுத்து, உள்ளே இருக்கும் பஞ்சையும் எடுத்து, மரச்சட்டத்தைக் கழுவிக் காயவிட வேண்டும். ஈ-கோலையும் நொரோ வைரசும் ஹெபற்றைற்றிஸ் ஏயும் பரவுகிற தண்ணீர் அது. ஒன்றிரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். நாங்கள் செய்வது என்ன? ஒரு மின்விசிறி, ஒரு போத்தல் பிளீச், பிறகு கறை தெரியாமல் வெள்ளைப் பெயின்ற். சுவருக்குள் பூஞ்சணம் வளரும். கீழே இருக்கும் குழந்தைக்கு ஆஸ்துமா பம்ப் வாங்கிக் கொடுக்கும் தாய், காரணம் கனடாக் குளிர் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

அந்த மாத வாடகையை நாங்கள் குறைப்பதில்லை. “எனக்கும் நட்டம்தானே பிள்ளை” என்கிறோம். எங்கள் நட்டம் தரையும் சுவரும். அவர்களின் நட்டம் வேறு மாதிரி. கட்டிலுக்குக் கீழே பெட்டியில் வைத்திருந்த பிறப்புச் சான்றிதழ், அகதி விசாரணைக்குச் சேர்த்த கடிதங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரே குடும்பப் படம், தவணைக் காசில் வாங்கிய மடிக்கணினி. வாடகைக்கு இருப்பவர் தன் பொருளுக்குத் தானே ஒரு சிறு காப்புறுதி எடுக்கலாம் என்பதைக்கூட நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் கீழே தண்ணீர் வரும் என்பதை ஒப்புக்கொண்டதாகிவிடுமே.

“தெரிஞ்சுகொண்டுதானே வந்தனீர்” என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு வீட்டை நல்ல நிலையில், குடியிருக்கத் தக்கதாக வைத்திருக்கும் கடமையை வீட்டுக்காரர் மேல் சுமத்துகிறது. வருமுன்னே குறை தெரிந்திருந்தாலும் அந்தக் கடமை போகாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. கீழ்வீடு அனுமதி இல்லாதது என்றாலும் அங்கே இருப்பவர் வாடகைக்காரர்தான், வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். போக மாட்டார் என்பது எங்களுக்குத் தெரியும். அவருடைய விசா, அவருடைய விலாசம், ஊரில் அவருடைய மாமாவுக்கும் எங்களுக்கும் உள்ள பழக்கம் எல்லாம் அவருடைய வாயைக் கட்டிவைத்திருக்கின்றன. அவர் எங்களை ‘அண்ணை’ என்றும் ‘அக்கா’ என்றும் கூப்பிடுவதை நாங்கள் மலிவான காப்புறுதியாகப் பாவித்துக்கொண்டோம்.

மாநகரசபைக்கு இதில் பங்கில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெருவின் அடியில் இருக்கும் குழாய் அதனுடையது. அந்தக் காலத்து மழைக்கு அளந்து போட்ட குழாய்களைப் பெருப்பிக்கும் வேலை 2005 வெள்ளத்துக்குப் பிறகு தொடங்கி, ஊர்ந்து ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது, முடிய இன்னும் பல்லாண்டுகள் ஆகும். தேர்தல் காலத்தில் சிலப்பதிகாரமும் திருக்குறளும் கேட்டுவிட்டுப் போகும் வேட்பாளர்களிடம், எங்கள் தெருக் குழாய் எந்த வருடத்துப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். தமிழ் மரபுத் திங்களுக்கு வாழ்த்துச் செய்தி வாங்கினோம், சாக்கடையைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டோம். ஆனால் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் குழாய், நகரத்தின் விதிப்படி, எங்களுடையது. முன்வளவுக்கு அடியில் அது உடைந்திருக்கிறதா, வேர் ஏறியிருக்கிறதா என்று கமரா விட்டுப் பார்க்கும் வேலை எங்களுடையது. வீடு வாங்கும் அவசரத்தில் ஏலம் கேட்டு, பரிசோதனை நிபந்தனையையே விட்டுக்கொடுத்து வாங்கியவர்கள் அந்தக் குழாயை ஒருநாளும் பார்த்ததில்லை.

எங்கள் அமைப்புகளும் இதில் சேர்த்தி. ஊர்ச் சங்கங்கள் இருக்கின்றன, பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன, கோயில்கள், பத்திரிகைகள், வானொலிகள் இருக்கின்றன. 2009 இல் ஓஷன் லேடி என்ற அகதிக் கப்பலில் 76 பேரும், 2010 இல் சன் சீ கப்பலில் 492 பேரும் வந்து இறங்கியபோது அவர்களுக்காகத் தெருவில் நின்ற சமூகம் இது. அவர்கள் தடுப்பிலிருந்து வெளியே வந்து யாருடைய பேஸ்மன்றில் போய்ப் படுத்தார்கள், அந்தப் பேஸ்மன்று எப்படி இருந்தது என்று பின்னால் போய்ப் பார்க்கவில்லை. கப்பலுக்குப் பதாகை பிடித்தால் ஊர் பார்க்கும், தொலைக்காட்சி வரும். பேஸ்மன்றுத் துவாரத்தைப் பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

ரொறன்ரோவில் இருப்பவர்கள் மாநகரத்தின் 311 ஐ அழைத்து, பேஸ்மன்று வெள்ளப் பாதுகாப்பு உதவியின் இப்போதைய தொகையையும் நிபந்தனைகளையும் கேளுங்கள். தமிழில் கதைக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றால் அதையும் அங்கேயே கேட்கலாம். கழிவுநீர் திரும்புவதற்கான சேர்க்கை உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கிறதா, எவ்வளவுக்கு இருக்கிறது என்று பாருங்கள், கீழே ஆள் இருப்பதைக் கம்பனிக்குச் சொல்லுங்கள். பொரித்த எண்ணெயை ஒரு பேணியில் ஆறவிடுங்கள். வால்வு எங்கே, மின்பெட்டி எங்கே, மழை நேரம் எந்த நம்பருக்கு எடுத்தால் யார் எழும்புவார்கள் என்பதைக் கீழே இருப்பவரிடம் இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள். அவர் எழுப்பினால் எழும்புங்கள், எழும்பி மேல்வீட்டில் தண்ணீர் பாவிப்பதை நிறுத்துங்கள். இங்கே நான் சொன்ன ரொறன்ரோப் பெருமழைகள் எல்லாம் யூலையிலும் ஓகஸ்டிலும்தான் வந்திருக்கின்றன. பெர்மிற் எடுத்து, பிளம்பரைப் பிடித்து, தரையை உடைத்து வால்வு போடக் கிழமைக் கணக்கில் ஆகும்.